தோளில் சுமந்த வழித்துணை

‘எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான்’ என்பது நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் சொல். மழை பொய்த்தாலும், வேலை போனாலும், வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தாலும் பெரியவர்கள் இதைத்தான் சொல்லுவார்கள். சொல்லி முடித்த கையோடு எழுந்து, அடுத்து ஆகவேண்டியதைப் பார்க்கப் போவார்கள். அவன் பார்த்துக்கொள்வான் என்றால் இவர்கள் ஏன் எழுந்து போகவேண்டும் என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் விடை எளிதில் கிடைக்காது. வைணவ ஆசாரியர்கள் இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வாதிட்டிருக்கிறார்கள். இறைவன் நம்மைக் காக்கும்போது நம் பங்கு என்று ஏதேனும் உண்டா, இல்லையா?

இதற்குப் பூனைக்குட்டியையும் குரங்குக்குட்டியையும் உவமை காட்டுவது வழக்கம். தாய்ப்பூனை தன் குட்டியை வாயால் கவ்விக்கொண்டு போகிறது. குட்டி செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. குரங்குக்குட்டியோ தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பிடி தளர்ந்தால் விழுந்துவிடும். பிற்காலத்தில் தென்கலை, வடகலை என்று பெயர் பெற்ற இரு மரபுகளுக்கும் இவ்விரண்டு உவமைகளும் அடையாளங்களாகவே ஆகிவிட்டன. முன்னதன் பெரிய ஆசிரியர் பிள்ளை லோகாசாரியர். பின்னதன் பெரிய ஆசிரியர் வேதாந்த தேசிகர். இருவரும் ஒரே காலத்தவர்கள். 1323ஆம் ஆண்டில் திருவரங்கத்தில் நிகழ்ந்த ஒரே பேரிடரில் இருவரும் அகப்பட்டவர்கள். ஏட்டில் எழுதிய கொள்கையை வாழ்ந்து காட்டவேண்டிய வேளை இருவருக்கும் ஒன்றாகவே வந்தது. அப்போது அவர்கள் என்ன செய்தார்கள் என்பதே இக்கட்டுரையில் நாம் காண விழைவது.

சான்றுகளைப் பற்றி முதலில் ஒரு சொல். இந்நிகழ்ச்சிகளை நமக்கு விரிவாகச் சொல்லுவது திருவரங்கத்தின் கோயிலொழுகு. பல தலைமுறையினர் எழுதிச் சேர்த்த நூல் அது. வரலாறும் பக்தர் செவிவழிச் செய்தியும் அதில் பின்னிக் கிடக்கின்றன. குருபரம்பரை நூல்களும் அவ்வாறே. கல்வெட்டின் உறுதியை அவற்றில் எதிர்பார்க்க இயலாது. ஆயினும் ஒரு சமூகம் தன் துன்பகாலத்தை எவ்வாறு நினைவில் வைத்துக்கொள்ள விரும்பியது என்பதை அவற்றைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆவணம் வேறில்லை. ஆகவே எது கல்வெட்டு, எது மரபு என்பதை ஆங்காங்கே பிரித்துக் காட்டிக்கொண்டே மேலே செல்வோம்.

*

1311இல் மாலிக் காபூரின் படை தமிழகத்திற்குள் நுழைந்தது. சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்காகத் தம்முள் போரிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. வந்த படை பொன்னையும் யானைகளையும் வாரிக்கொண்டு அதே ஆண்டில் வடக்கே திரும்பிவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்த படை அத்தகையதன்று. கியாசுத்தீன் துக்ளக்கின் மகன் உலூக் கான், பின்னாளில் முகம்மது பின் துக்ளக் என்று அறியப்பட்டவன், 1323இல் வாரங்கல்லை வீழ்த்தினான். அதே ஆண்டில் அவனது படை தெற்கே இறங்கிற்று. இம்முறை மதுரை தில்லி அரசின் மாகாணமாயிற்று. 1335 அளவில் சலாலுத்தீன் அசன் என்ற ஆளுநன் தன்னாட்சி அறிவித்துக்கொள்ள, 1378வரை மதுரையில் சுல்தான்களின் ஆட்சி நடந்தது.

இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளவேண்டும். 1311இன் துன்பம் புயலைப் போன்றது. ஒதுங்கி நின்றால் கடந்து போகும். 1323இன் துன்பமோ எப்போது முடியும் என்று எவராலும் சொல்லக்கூடாததாய் இருந்தது. புயலுக்கு ஒதுங்கும் மனநிலையோடு புறப்பட்டவர்கள் தம் வாழ்நாள் முழுவதையும் வழியிலேயே கழிக்க நேர்ந்தது.

படை அணுகிய செய்தி எட்டியதும் திருவரங்கத்தார் செய்தவற்றை மரபு இவ்வாறு சொல்லுகிறது. பள்ளிகொண்ட மூலவரை எடுத்துச் செல்ல இயலாது. ஆகவே கருவறைக்கு முன் கல்திரை ஒன்றை எழுப்பி, அதன் முன்னே வேறொரு திருமேனியை வைத்தார்கள். தாயாரின் திருமேனியை வில்வமரத்தடியில் புதைத்தார்கள். உற்சவரான அழகிய மணவாளரை மட்டும் ஒரு சிறு கூட்டம் தூக்கிக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டது. அக்கூட்டத்திற்குத் தலைவராய் நின்றவர், அப்போது முதுமையின் எல்லையில் இருந்த பிள்ளை லோகாசாரியர்.

கல்திரை எழுப்பியவர் லோகாசாரியரே என்று ஒரு சாராரும், தேசிகரே என்று மற்றொரு சாராரும் சொல்லிவருகிறார்கள். எவராயினும், இறைவனைக் காக்க மனிதர் சுவர் எழுப்பினார்கள் என்பதில் இரு சாராருக்கும் கருத்து வேறுபாடில்லை. அப்பெருமையைத் தத்தம் ஆசாரியருக்கு உரியதாக்கிக்கொள்ளவே இரு சாராரும் விரும்புகிறார்கள்.

*

லோகாசாரியர் வடக்குத் திருவீதிப் பிள்ளையின் மகன். நம்பிள்ளை திருவாய்மொழிக்குச் சொன்ன விரிவுரையைக் கேட்டு ஏட்டில் எழுதிவைத்தவர் அந்தத் தந்தை. அதுவே ‘ஈடு’ என்று போற்றப்படும் உரை. தம்பி அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ‘ஆசாரிய இருதயம்’ செய்தவர். திருமணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்த லோகாசாரியர் எழுதிய பதினெட்டு ரகசிய நூல்களில் ‘முமுட்சுப்படி’யும் ‘ஸ்ரீவசன பூஷணமு’ம் புகழ்பெற்றவை. வடமொழி அறியாதவரும் பெண்டிரும் பொருள் அறியவேண்டும் என்பதற்காக எளிய மணிப்பிரவாள நடையில், சின்னஞ்சிறு சூத்திரங்களாக எழுதினார். அவற்றின் சாரம் ஒன்றே. உயிர் இறைவனின் உடைமை. உடைமையைக் காப்பது உடையவனின் பொறுப்பு. உடைமை தன்னைத் தானே காத்துக்கொள்ள முனைவது உடையவனை நம்பாமையே ஆகும்.

இப்படி எழுதியவர் இப்போது உடையவனைத் தோளில் தூக்கிக்கொண்டு காட்டுவழியில் நடக்கிறார். பூனைக்குட்டி தாய்ப்பூனையைச் சுமந்து செல்லும் காட்சி அது. அவர் தம் கொள்கைக்கு மாறாக நடந்தாரா?

அவ்வாறு நமக்குத் தோன்றவில்லை. அவர் காக்க முனைந்தது தம்மையன்று. தம்மைப் பற்றிய கவலையை அவர் முன்பே உடையவனிடம் ஒப்படைத்துவிட்டார். ஒப்படைத்துவிட்டதனால் இரு கைகளும் ஓய்வாயின. அந்தக் கைகளைப் பெருமாளைச் சுமப்பதற்குக் கொடுத்தார். வழியில் கள்வர் மறித்துப் பெருமாளின் அணிகளைப் பறித்தபோது, பின்னே வந்த லோகாசாரியர் தம்மிடம் இருந்ததையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டு, திருமேனி எஞ்சியதே போதும் என்று மேலே நடந்தார் என்று குருபரம்பரை கூறும். எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதில் அவருக்குக் குழப்பமே இருக்கவில்லை. இடப்பெயர்ச்சியின் பதற்றத்தில் அத்தெளிவு எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

மதுரையை அடுத்த சோதிசுகுடி என்னும் ஊரை அடைந்ததும் அவர் உடல் தளர்ந்தது. யானைமலையின் அடியில் உள்ள இன்றைய கொடிக்குளமே அவ்வூர் என்பர். மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில், படுத்திருக்கும் யானையைப் போன்ற அந்த ஒற்றைப் பாறையைக் காணாமல் எவரும் கடந்திருக்க முடியாது. அங்கே லோகாசாரியர் காலமானார். பெருமாள் திரும்பி அரங்கம் செல்வதை அவர் பார்க்கவில்லை. திரும்புவார் என்பதற்கான அறிகுறி எதையும்கூட அவர் பார்க்கவில்லை.

அவ்விடத்திலிருந்து சில கல் தொலைவில் திருமோகூர் இருக்கிறது. நம்மாழ்வார் பாடிய தலம். அங்குள்ள காளமேகப் பெருமாளை, உயிர் இவ்வுலகை விட்டுச் செல்லும் கடைசிப் பயணத்தில் துணைவரும் ‘வழித்துணை’ என்று வைணவ மரபு போற்றுகிறது. தந்தை எழுதிவைத்த ஈட்டைப் பயின்றவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. தம்மோடு வந்த பெருமாளுக்கு ஒரு வழித்துணையாய் நின்றவர், வழித்துணைப் பெருமாளின் எல்லைக்குள்ளேயே உயிர் விட்டார் என்பதை எண்ணும்போது நமக்குச் சற்றே சொல் அடைக்கிறது.

இறக்குமுன் அவர் செய்த காரியம் ஒன்று உண்டு. மதுரை அரண்மனையில் உயர்பதவியில் இருந்த தம் மாணாக்கர் திருமலையாழ்வாரை அரசியலிலிருந்து மீட்டு, ஆழ்வார்களின் பொருளுரைகளைக் கற்பிக்கச் சொல்லிக் கூரகுலோத்தம தாசர் முதலியோரிடம் பணித்தார். தாசர் அரண்மனைத் தெருவில் நின்று திருவிருத்தத்தின் முதற்பாட்டை ஓதினாராம். பல்லக்கில் வந்த திருமலையாழ்வார் பொருள் கேட்க, இவர் காறி உமிழ்ந்து மறுத்தாராம். பதவியில் இருந்தவர் சினவாமல் பின்னர் அடிபணிந்தாராம். அவரே பின்னாளில் திருவாய்மொழிப் பிள்ளை என்று பெயர் பெற்று, காடு மண்டிக் கிடந்த ஆழ்வார்திருநகரியைச் சீர்திருத்தியவர். அவரிடம் கற்ற மாணாக்கர் மணவாள மாமுனிகள். அவர் பிறந்த ஆண்டு 1370.

*

இனித் தேசிகரைப் பார்ப்போம். அவர் லோகாசாரியருடன் தெற்கே செல்லவில்லை. படை திருவரங்கத்தைச் சூழ்ந்த வேளையில் அவர் அங்கேயே இருந்தார். பன்னீராயிரம் பேர் அன்று மாண்டனர் என்று கோயில் மரபு கணக்குச் சொல்லும். எண் எதுவாயினும், பேரழிவு நிகழ்ந்தது என்பதில் ஐயமில்லை. ஸ்ரீபாஷ்யத்திற்குச் ‘சுருதப்பிரகாசிகை’ என்ற பேருரை எழுதிய சுதர்சன சூரி அதில் இறந்தார். இறக்குமுன் தம் இரு புதல்வர்களையும் அவ்வுரையின் ஏட்டையும் தேசிகரிடம் ஒப்படைத்தார். தேசிகர் அச்சிறுவர்களுடனும் ஏட்டுடனும் பிணங்களுக்கிடையே பிணம்போல் கிடந்து, இருள் சூழ்ந்தபின் எழுந்து தப்பினார் என்பது மரபு. பின்னர் மைசூர்ப் பகுதியில் சத்தியகாலம் என்னும் ஊரில் தங்கினார்.

அந்நூலின் பெயரில் உள்ள ‘சுருதம்’ என்பதற்குக் ‘கேட்கப்பட்டது’ என்று பொருள். நடாதூர் அம்மாளின் விரிவுரையைக் கேட்டுச் சுதர்சன சூரி எழுதியது அது. ஐந்து வயதுச் சிறுவனாக அதே அம்மாளின் அவையில் தேசிகர் நின்றதாகவும் சொல்லுவார்கள். ஆகவே அவர் பிணக்குவியலில் மார்போடு அணைத்துக்கொண்டது ஓலைக்கட்டு மட்டுமில்லை. தாம் சிறுவயதில் கேட்ட குரலும்தான். இலக்கியம் படிக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இக்காட்சி மறக்கக்கூடியதன்று. அன்று அந்த ஓலைகள் அழிந்திருந்தால் ஸ்ரீபாஷ்யத்தை இன்று கற்பவர்களின் கையில் அந்தப் பேருரை இராது.

தொலைவில் இருந்தபடி திருவரங்கப் பெருமானை நோக்கித் தேசிகர் பாடிய ‘அபீதிஸ்தவம்’ அச்சம் நீங்க வேண்டும் என்று வேண்டும் நூல். பெயரிலேயே அச்சமின்மை இருக்கிறது. நம்பிக்கை உடையவனுக்கு அச்சமே வராது என்று அவர் நடிக்கவில்லை. அஞ்சினார், அஞ்சியதைப் பெருமானிடமே சொன்னார். குரங்குக்குட்டியின் பிடி என்பது அதுவாகத்தான் இருக்கவேண்டும். அஞ்சுகிற குட்டிதானே இன்னும் இறுகப் பிடிக்கிறது.

இவ்விருவரையும் அடுத்தடுத்து நிறுத்திப் பார்க்கும்போது, பின்வந்தோர் நூற்றாண்டுக் கணக்கில் வளர்த்த பிணக்கு சற்றே வெளிறிப் போகிறது. ஒன்றும் செய்யவேண்டாம் என்று சொன்னவர் முதுமையில் தோள் கொடுத்தார். பிடியை விடாதே என்று சொன்னவர், தம் செயல் எதுவும் பயன்படாத ஓர் இரவில் பிணமாய்க் கிடந்தார். கொள்கை எதுவாயினும், இடர் வந்த நேரத்தில் இருவரிடமும் இரண்டும் இருந்தன.

*

அகலாமல் அங்கேயே தங்கியவர்களையும் மறக்கலாகாது. கண்ணனூரில், இன்றைய சமயபுரத்தில், படைத்தலைவனிடம் பணியாற்றிய சிங்கப்பிரான் என்பவரைப் பற்றிக் கோயிலொழுகு சொல்லுகிறது. தம் பதவியைப் பயன்படுத்திக் கோயில் மேலும் இடிபடாமல் அவர் தடுத்தாராம். வெளியேறியவரைப் பாடுவது எளிது. பகைவரின் ஊதியத்தை வாங்கிக்கொண்டு உள்ளே இருந்து காத்தவரைப் பாடுவார் குறைவு. ஒழுகு அவர் பெயரை விடாமல் எழுதிவைத்தது அதன் நேர்மை.

இதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அதே கோயிலில் துலுக்க நாச்சியாருக்கு இடம் உண்டு. பெருமாள்மேல் காதல் கொண்ட சுல்தானின் மகள் என்பது அவரைப் பற்றிய கதை. அவர் பொருட்டுப் பெருமாளுக்கு ரொட்டி படைக்கும் வழக்கமும் இருக்கிறது. 1340களில் மதுரைக்கு வந்த இபின் பதூதா, தானும் முஸ்லிமாய் இருந்தே, அங்கு ஆண்ட சுல்தானின் கொடுமைகளை வெறுப்போடு எழுதிவைத்தார். இக்காலத்தை இரு சமயங்களின் போராக மட்டும் சுருக்குவோர்க்கு, கோயிலின் நினைவும் பயணியின் ஏடும் இடம் கொடுக்கவில்லை.

பெருமாளின் பயணம் தொடர்ந்தது. படை மதுரையை நோக்கி வந்ததால் அங்கும் தங்க முடியவில்லை. அழகர்மலை, பின் மலைகடந்து கோழிக்கோடு. அங்கே, தம் ஊரை விட்டு வந்திருந்த நம்மாழ்வாரின் திருமேனியோடு பெருமாளும் சிலகாலம் இருந்தார் என்பர். பின் கன்னட நாட்டில் திருக்கணாம்பி, மேல்கோட்டையான திருநாராயணபுரம், இறுதியில் திருமலை. அங்கும் மலைச்சரிவில் உறவினர் மூவர் பெருமாளை மறைத்துக் காத்து, ஒருவர்பின் ஒருவராய் இறக்க, கடைசியாக எஞ்சியவரே செய்தியை வெளியிட்டார் என்று ஒரு கதை உண்டு. திருமலைக் கோயிலில் உள்ள ரங்கநாயகர் மண்டபம் அந்த விருந்தினரின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

இவ்வழியை இன்று வரைபடத்தில் கோடிட்டுக் காட்டிவிடலாம். நடந்தவர்களுக்கு அந்தக் கோடு தெரியாது. அடுத்த ஊர் எது என்பது மட்டும் தெரியும். சிலவேளை அதுவும் தெரிந்திராது. இறைவன் வழிகாட்டுகிறான் என்னும்போது முழுவழியையும் முன்கூட்டிக் காட்டுவான் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். இவர்கள் கதையில் அப்படி எதுவும் இல்லை. வழிகாட்டுபவன் பேசாமல் தோளில் இருந்தான். அவனைக் கீழே வைக்காமல் நடப்பது ஒன்றே இவர்களுக்குத் தெரிந்த வழி.

*

விசயநகரத்துப் புக்கரின் மகன் குமார கம்பணர் தெற்கே வந்து மதுரைச் சுல்தானை வென்றார். அவர் மனைவி கங்காதேவி அவ்வெற்றியை ‘மதுராவிசயம்’ என்ற வடமொழிக் காவியமாக்கினார். 1916இல் திருவனந்தபுரத்தில் அதன் ஏடு கிடைத்தது. பாழடைந்த திருவரங்கத்தைக் காட்டும் இடத்தில் அவர் ஒன்று சொல்லுகிறார்: இடிந்த செங்கற்கள் விழுந்து பெருமாளின் துயில் கலையாதபடி ஆதிசேடன் தன் படங்களால் தடுத்துக்கொண்டிருக்கிறான். உலகைக் காப்பவனைப் பாம்பு காக்கிறது. ஏட்டிலும் கதையிலும் காவியத்திலும் எங்கும் இதே செய்தி.

கம்பணரின் அதிகாரி கோபணர் பெருமாளைத் திருமலையிலிருந்து செஞ்சிக்குக் கொண்டுவந்து சிலகாலம் வழிபட்டு, பகைவரை வென்று, நாச்சியாரோடு திருவரங்கத்தில் மீண்டும் எழுந்தருளச் செய்தார். இதற்குக் கல்வெட்டே சான்று. சகம் 1293, அதாவது கி.பி. 1371. நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. வரலாற்று மாணவர் இதில் விசயநகர அரசியலைக் காண்பார்; பக்தர் திருவருளைக் காண்பார். இரண்டும் ஒன்றையொன்று மறுக்கத் தேவையில்லை என்றே நாம் கருதுகிறோம். கோபணரிடம் படை இருந்தது. ஆனால் அவர் திருப்பிக் கொண்டுவருவதற்கு ஒரு திருமேனியும் இருக்கவேண்டுமல்லவா? அதை இருக்கச் செய்தவர்களிடம் படை ஏதும் இல்லை.

வந்து சேர்ந்தபின் ஒரு சிக்கல். இடைக்காலத்தில் வேறொரு திருமேனியை வைத்து வழிபட்டுவந்தார்கள். அவரே எங்கள் பெருமாள் என்றார்கள் உள்ளூரார். வந்தவர்தாம் பழையவர் என்று அறுதியிட்டுச் சொல்ல, முன்பு கண்டவர் எவரும் எஞ்சவில்லை. தேடியபோது கிடைத்தவர் முதிர்ந்த வண்ணார் ஒருவர்; ஈரங்கொல்லி என்பது அவர் குலப்பெயர். பார்வை போய்விட்டது. ஆயினும் பெருமாளின் ஈரவாடையைப் பிழிந்த தீர்த்தத்தை உட்கொண்டு அடையாளம் சொல்லுவேன் என்றார். இருவருக்கும் திருமஞ்சனம் ஆயிற்று. முதல் தீர்த்தத்திற்குப் பேசாதிருந்தவர், வந்தவரின் ஈரவாடைத் தீர்த்தம் நாவில் பட்டதும் ‘இவரே நம்பெருமாள்’ என்றாராம். அழகிய மணவாளர் அன்றுமுதல் நம்பெருமாள் ஆனார். இடைக்காலத்தில் துணைநின்ற திருமேனியையும் அவர்கள் விலக்கிவிடவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற பெயரோடு அவரும் கோயிலிலேயே இருக்கிறார்.

கதையா வரலாறா என்று நாம் இதில் வழக்காடப் போவதில்லை. ஆனால் இக்கதையைப் பேணிய சமூகம், தீர்ப்புச் சொல்லும் உரிமையை ஆசாரியருக்கோ அரசனின் அதிகாரிக்கோ கொடுக்காமல், துணி வெளுத்த கைக்கும் அந்த மணம் மறக்காத நாவுக்கும் கொடுத்தது. சில பத்தாண்டுகள் சென்றபின் மணவாள மாமுனிகள் அதே நம்பெருமாள் திருமுன்னே ஓராண்டுக்காலம் ஈட்டை விரித்துரைத்தார். லோகாசாரியரின் தந்தை எழுதிவைத்த உரை, லோகாசாரியர் தேடிப்பிடிக்கச் சொன்ன மாணாக்கரின் மாணாக்கர் வாயால், லோகாசாரியர் சுமந்து சென்ற பெருமாளின் முன் ஒலித்தது. சோதிசுகுடியில் கண்மூடியவருக்கு இவற்றில் எதுவும் தெரியாது.

‘அவன் பார்த்துக்கொள்வான்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போகும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் இந்த ஆசாரியர்களின் வாதம் தெரியாது. ஆனால் எழுந்து போகிறார்கள்.